முன்குறியில் ஒரு வளைவு

ஜூலை 14

"அளவுகோலே வளைஞ்சிருந்தா அத எப்படிங்க டீச்சர் கண்டுபிடிக்கிறது?"

நான் ஓய்வு பெறுவதற்கு முன், ஒன்பதாம் வகுப்பில் ஷாஜகான் என்ற மாணவன் எழுந்து நின்று கேட்ட கேள்வி. அவன் கையில் வெயிலில் கிடந்து முறுக்கேறிய மர ஸ்கேல் ஒன்று இருந்தது. வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரும்பலகையில் இரண்டு புள்ளி வைத்து, ஸ்கேலின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தேன். பிறகு ஸ்கேலைப் புரட்டிப் போட்டு, அதே விளிம்பால் அதே புள்ளிகளுக்கு நடுவே இன்னொரு கோடு. ஸ்கேல் நேராக இருந்தால் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழும். வளைவு இருந்தால் அது ஸ்கேலோடு சேர்ந்து மறுபக்கம் திரும்பிவிடும், நடுவில் பாதாம் பருப்பு மாதிரி ஒரு வெளி தெரியும். "பொருள்ல இருக்கிற கோணல் பொருளோடவே திரும்பும்" என்று சொல்லி முடித்தேன்.

அது இன்று நினைவுக்கு வரக் காரணம், எனக்கும் ஓர் அளக்கும் வேலை வந்திருப்பதுதான். என்னிடம் இரண்டு .22 டார்கெட் பிஸ்டல்கள் இருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ரெஜினாவுக்குக் கொடுப்பதாகச் சொல்லியாகிவிட்டது. ரெஜினா எங்கள் கிளப்பில் சுடுகிறவள், இன்னொரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. சொந்தமாகப் பிஸ்டல் இல்லாமல் நான்கு வருடமாகக் கிளப் துப்பாக்கியை வரிசையில் நின்று வாங்கிச் சுடுகிறாள். வாங்குவதற்கான அனுமதிக் கடிதம் இப்போதுதான் அவளுக்கு வந்திருக்கிறது. ஆகஸ்ட் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும்.

நான் மூத்தது, இளையது என்றுதான் சொல்வேன். மூத்தது, பள்ளியில் என்.சி.சி. அதிகாரியாக இருந்த காலத்தில் வாங்கியது. அதன் மரப் பிடியை உக்கடத்தில் ஒரு தச்சர் என் வலது உள்ளங்கையை மாவில் அச்செடுத்துச் செதுக்கிக் கொடுத்தார். என் பெருவிரல் போய் உட்கார அதில் ஒரு குழி உண்டு. இளையது நான்கு வருடத்துக்கு முன் வந்தது. எல்லாவற்றையும் திருகித் திருப்பி மாற்றிக்கொள்ளலாம், பிடியைக்கூட. ஆனால் இன்னும் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 24 அன்று மூத்தோர் பிரிவுப் போட்டி. எது நன்றாகச் சுடுகிறதோ அது என்னோடு இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இட்லி கல்லாகிவிட்டது என்று அரிசியையும் உளுந்தையும் ஒரே நாளில் மாற்றினால், எது செய்த கோளாறு என்று கடைசிவரை தெரியாது. அதே தோட்டா, அதே தூரம், அதே காலை நேரம். முதலில் மூத்தது.

எங்கள் கிளப்பில் எல்லோரும் நாட்குறிப்பு எழுத வேண்டும். புள்ளிக் கணக்கோடு வீட்டில் நடந்ததையும் எழுத வேண்டும். மனசு கலங்கிய நாளில் கை கலங்கும் என்பது கோச்சின் கட்சி. ஆகவே வீட்டுச் செய்தி: நாளை மறுநாள் குளியலறையில் பழைய டைல்ஸைப் பெயர்க்க வருகிறார்கள்.

ஜூலை 17

ரேஞ்சில் மூத்தது. நன்றாக இல்லை.

குறி பார்ப்பது எப்படி என்று எழுதிவிடுகிறேன். பிஸ்டலின் பின்பக்கம் ஒரு சதுரப் பள்ளம், முன்பக்கம் ஒரு சிறு கம்பம், அதுதான் முன்குறி. பள்ளத்துக்குள் கம்பத்தை நிறுத்தி, இரண்டு பக்கமும் சம அளவு வெளிச்சம் தெரியும்படி பிடிக்க வேண்டும். கண் கம்பத்தில்தான் இருக்க வேண்டும். தூரத்துக் கருப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும்.

இன்று கம்பத்தின் இடது ஓரம் நடுவில் புடைத்திருந்தது. மூங்கில் குச்சியில் கணு இருக்குமே, அப்படி. துடைத்துப் பார்த்தேன், புடைப்பு போகவில்லை. இடது பக்க வெளிச்சம் குறைந்து தெரிய, அதைச் சரிசெய்யக் கையைத் திருப்ப, குண்டுகள் கண்ட இடத்தில் போய் விழுந்தன.

ரெஜினாவிடம் காட்டினேன்.

"நல்லாத்தான இருக்குதுங் டீச்சர்?"

"சித்த உத்துப் பாரு. கம்பத்துல நடுவுல."

"எனக்கொண்ணும் தெரியலீங்களே. நேத்துத் தூங்குனீங்களா இல்லியா?"

டைல்ஸ் பெயர்த்த தூசியில் எங்கே தூங்குவது. ஆனாலும் பெட்டியில் எப்போதோ இடித்திருக்க வேண்டும். உலோகம்தானே, வளையாதா என்ன?

ஜூலை 18

வீடு முழுக்கச் சிமெண்டுத் தூசி. சாப்பாட்டிலும் நறநறக்கிறது. வீட்டுக்காரர் கோவித்துக்கொண்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

ஜூலை 21

தினமும் காலையில் வீட்டுக்குள் வெறும் பயிற்சி செய்வேன். நடையின் ஒரு முனையில் நின்று மறுமுனைச் சுவரில் ஒட்டிய கருப்புப் பொட்டைக் குறி பார்த்து விசையை அழுத்துவது. குண்டு இல்லை. ஆனால் பிஸ்டலின் தோட்டா அறையைக் காலியாகவும் விடக்கூடாது. இந்த வகைத் தோட்டாவில் பிஸ்டலின் ஊசி நடுவில் அடிக்காது, விளிம்பில்தான் அடிக்கும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் ஊசி உலோகத்திலேயே மோதி முனை கெட்டுவிடும். அதனால் ஒரு பிளாஸ்டிக் பொய்த் தோட்டாவைச் சொருகிக்கொள்வேன். இடது கண்ணை மறைக்கக் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பட்டையை மாட்டிக்கொள்வேன். வலது கண்ணால்தான் குறி.

கம்பத்தில் புடைப்பு அப்படியே இருக்கிறது.

பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, பட்டைக் கண்ணாடியோடு குளியலறையை எட்டிப் பார்த்தேன். ஆறுச்சாமி மேஸ்திரி மூன்று வரிசை ஒட்டியிருந்தார். மூன்றாவது வரிசை நடுவில் உள்வாங்கியிருந்தது.

"மேஸ்திரி, கோடு வளஞ்சு போகுதுங்களே."

"எதுங்கம்மா?"

"மூணாவது வரிச. நடுவுல பாருங்க, குழியாட்டம்."

அவர் நூலைப் பிடித்துக் காட்டினார். மட்டக்குழலை வைத்துக் காட்டினார். "நூலுக்கு நேராத்தானுங்கம்மா போகுது. நூலு பொய் சொல்லுமுங்களா?"

"நூல் தொய்ஞ்சிருக்கும்."

"தொய்ஞ்சா கீழ போகுமுங்க. உள்ள போகாதுங்க."

முப்பத்தைந்து வருடம் வடிவியல் நடத்தியவளிடம் நேர்கோட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஈரம் காய்வதற்குள் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டச் சொன்னேன். பெயர்த்தார். இரண்டு டைல்ஸ் உடைந்தன.

மாலையில் கண்ணாடி இல்லாமல் போய்ப் பார்த்தேன். புதிய வரிசை நேராக இருந்தது. சொன்னால்தான் சரியாகச் செய்கிறார்கள்.

ஜூலை 22

காலையில் பயிற்சி முடிந்து பட்டைக் கண்ணாடியோடு பார்த்தால் அதே வரிசை மறுபடி வளைந்திருக்கிறது. சொல்லவும் செய்தேன். மேஸ்திரி சாந்துச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ரெண்டு நாள் கழிச்சு வாறனுங்கம்மா, வேற எடத்துல வேல இருக்குது" என்று போய்விட்டார். வேறு இடத்தில் ஒரு வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அவர் சிரிக்கிறார். அவர் என்றால் என் கணவர் சென்னியப்பன், இன்சூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏம்புள்ள, குளிக்கப் போறமா, பரிட்சைப் பேப்பர் திருத்தப் போறமா?"

ஜூலை 25

கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவரிடம் மூத்ததைக் கொடுத்தேன். கம்பத்தைக் கழற்றி வெர்னியரில் அளந்து, "ஒண்ணுமில்லீங்க மேடம்" என்றார். அவர் வேறு ஏதோ அவசரத்தில் இருந்தார் என்று நினைக்கிறேன்.

தூக்கம் இல்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கோளாறு உள்ள பொருளை இன்னொருவர் தலையில் கட்டக்கூடாது. ஆகவே மூத்தது என்னோடு இருக்கட்டும், நல்லதாக இருக்கும் இளையது ரெஜினாவுக்கு. போட்டியில் என் புள்ளி குறைந்தால் குறையட்டும். நியாயமான முடிவுதான்.

கொடுப்பதற்கு முன் இளையதை ஒருமுறை முழுதாகச் சுட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஜூலை 29

இளையதும்.

ஐந்து குண்டு கொண்ட முதல் வரிசையில் ஒன்றும் இல்லை. அதன் கம்பம் கொஞ்சம் அகலம், ஓரம் அவ்வளவாக உறுத்தவில்லை. இரண்டாவது வரிசையில் இடது ஓரம் புடைக்க ஆரம்பித்தது. மூன்றாவதில் கம்பத்தின் நடுவே ஈரக்கையால் தொட்ட மை மாதிரி ஒரு மங்கல்.

ரேஞ்சில் போன மாதம் விளக்குகளை மாற்றினார்கள். வெள்ளை வெளிச்சம், நடுங்குகிற வெளிச்சம். அதுதான் காரணமாக இருக்கும். கோச்சிடம் சொன்னேன். "வேற யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலீங்களே" என்றார்.

அதற்குப் பிறகு ரெஜினா இரண்டையும் வாங்கிச் சுட்டாள். இளையதில் நல்ல கூட்டம், குண்டுகள் நெருங்கி விழுந்தன. மூத்ததில் இன்னும் நல்ல கூட்டம், ஐந்து ஓட்டையையும் ஒரு டம்ளரின் வாயால் மூடிவிடலாம். கோளாறான பிஸ்டலில்!

"எதக் குடுத்தாலும் எனக்குச் சரிங்க டீச்சர்" என்றாள். ஆனால் திருப்பித் தரும்போது மூத்ததின் மரப் பிடியை ஒருமுறை தடவிவிட்டுத்தான் தந்தாள்.

ஜூலை 30

இன்று முழுக்க அம்மாவின் நினைவு. கடைசி வருடங்களில் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். காதுப் பக்கமாகப் பார்த்துப் பேசுவார். யாரையோ பார்ப்பதாக நினைத்து நாங்கள் திரும்பிப் பார்ப்போம். வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம்.

மேஸ்திரி இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டில் போய்க் குளிக்கிறோம்.

ஆகஸ்ட் 2

எழுதிவிடுகிறேன்.

காலையில் மூத்ததை எடுத்தேன். காலிதானா என்று இரண்டு முறை பார்த்துப் பொய்த் தோட்டாவைச் சொருகினேன். குறி பார்த்தேன், புடைப்பு இடது பக்கம். கையை இறக்கும்போது சும்மா ஒரு வீம்புக்கு, பிஸ்டலைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன். பள்ளம் கீழ்ப்பக்கம் திறந்திருக்க, கம்பம் மேலிருந்து தொங்கியது. அதன் வழியே பார்த்தேன்.

புடைப்பு கம்பத்தில் இருந்தால் இப்போது வலது பக்கம் வந்திருக்க வேண்டும்.

இடது பக்கம்தான் இருந்தது.

திரும்ப நேராகப் பிடித்தேன், இடது. தலைகீழாக, இடது. இளையதை எடுத்துவந்து பார்த்தேன், இடது. ஷாஜகானுக்குச் சொன்ன பதில் எனக்கே கேட்டது. பொருளில் இருக்கிற கோணல் பொருளோடு திரும்பும். இது திரும்பவில்லை.

பட்டையைக் கழற்றி வலது கண்ணாடிக்கு மாற்றினேன். இடது கண்ணால் பார்த்தேன். கம்பம் புத்தம்புதுப் பென்சில் மாதிரி நின்றது.

அப்படியே குளியலறைக்குப் போனேன். மூன்றாவது வரிசை, ஓரத்திலிருந்து ஓரம்வரை, நூல் பிடித்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 3

மளிகை வாங்கினேன். துவரம்பருப்பில் பூச்சி. திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5

யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு என்ன இருக்கிறது? இரண்டு கண்ணையும் திறந்து வைத்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. பேப்பர் படிக்கிறேன், ஊசியில் நூல் கோக்கிறேன். ஒரே பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், படிக்கிறவன் எழுதியதைப் பார்த்துப் படிக்காதவனும் எழுதிவிடுவான். இரண்டு விடைத்தாளும் சரியாகவே இருக்கும். தனித்தனியாக உட்கார வைத்தால்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது போதாதா, என்ன அவசரம்?

இது ஆடி மாதம். ஆடியில் புதிதாக எந்த வைத்தியமும் ஆரம்பிக்க வேண்டாம். ஆடி கழியட்டும். அதன்பின் போட்டி இருக்கிறது, அதுவும் முடியட்டும். இடது கண்ணால் குறி பார்க்கப் பழகுகிறேன். வலது கையில் பிடித்து, தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிக்கொண்டால் வருகிறது. கழுத்து வலிக்கிறது.

ஆகஸ்ட் 7

நடு மங்கல் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது போலிருக்கிறது. காலண்டரில் தேதிக் கட்டங்களை வலது கண்ணால் மட்டும் பார்த்தால், நடுக்கட்டங்கள் வாஷிங் மெஷினில் போட்டெடுத்த மாதிரி கசங்கித் தெரிகின்றன. ஒரு மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். பார்க்கக்கூடாது என்று சமையலறைக்குப் போகிறேன், மறுபடி வருகிறேன். எத்தனை முறை பார்த்தாலும் விடை மாறவில்லை.

ஆகஸ்ட் 8

காலையில் பயிற்சி முடித்துக் கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் அவர் கண்ணாடியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங் டீச்சரம்மா, இந்தப் பட்டை எப்பவும் இந்தப் பக்கந்தான இருக்கும்?"

"மாத்திப் பாத்தேன். கோச் சொன்னாரு."

"கோச்சு சொன்னாரா?"

"ஆமாங்க."

"முப்பது வருசமா இடது கண்ண மூடுனவள, அறுவத்தஞ்சு வயசுல வலது கண்ண மூடுன்னு கோச்சு சொன்னாரு." அவர் கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தார். "சரி. அதப் போட்டுட்டு இங்க வா. அந்தக் காலண்டர்ல இன்னைக்கு என்ன கெழமைன்னு படி. பட்டையப் பழைய எடத்துல மாட்டிட்டுப் படி."

நான் படிக்கவில்லை. கிழமை எனக்குத் தெரியும். வெறுமனே சொல்லிவிடலாம். சொல்லவும் வாயெடுத்தேன். வார்த்தைக்குப் பதில் அழுகை வந்துவிட்டது.

என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு, "எத்தன நாளா?" என்றார்.

"ஆடி கழியட்டும்னுதாங்க..."

"ஆடில ரெண்டு டைல்ஸ ஒடைக்கலாம், மேஸ்திரியத் தொரத்தலாம், கண்ண மட்டும் காட்டக்கூடாதா? கணக்கு டீச்சராமா கணக்கு டீச்சர். கெளம்பு புள்ள."

"அடுப்புல பால்..."

"பால் பொங்கிக் கெடக்கட்டும்."

ஆகஸ்ட் 9

நேற்றுக் கிளம்பியும் கண் ஆஸ்பத்திரியில் நேரமாகிவிட்டது, இன்று வரச் சொன்னார்கள். சொட்டு மருந்து விட்டு, கண்ணின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயது, பொறுமையாகப் பேசினார். படத்தில் அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தன. ஓரிடத்தில் கோடுகள் மேலே எழும்பியிருந்தன. தரைக்குக் கீழே தண்ணீர் கசிந்தால் டைல்ஸ் தூக்கிக்கொள்ளுமே, அப்படித்தான் என்றார். விழித்திரையின் நடுவில், அதற்கு அடியில் நீர் கசிந்திருக்கிறதாம். அதனால்தான் நேர்கோடு வளைந்து தெரிகிறது.

"எப்பருந்தும்மா இப்படித் தெரியுது?"

"ஒரு வாரம் இருக்குமுங்க."

அவர் பக்கத்தில் இருந்து, "இல்லீங்க டாக்டர், போன மாசம் பாத்ரூம் டைல்ஸ் ஒட்டுறப்பவே. அப்பத்தான் இவ மேஸ்திரிகூடச் சண்டை போட்டது" என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. ஊசி போட்டால் கசிவை நிறுத்தலாம், இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனதில் கொஞ்சம் திரும்பலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, இதற்கு நாள் ஒவ்வொன்றும் முக்கியம் என்றார். "இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா பேச ஒண்ணும் இருந்திருக்காதும்மா."

ஆடி கழியட்டும், போட்டி முடியட்டும் என்று நான் கணக்குப் போட்டிருந்த நாள் அதற்கும் பிந்தியது. அதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

"எங்கம்மாவுக்கும் கடைசில இப்படித்தானுங்க இருந்துச்சு" என்றேன். டாக்டரம்மா குறித்துக்கொண்டார். இடது கண்ணையும் படம் எடுத்தார்கள். இப்போதைக்குச் சுத்தம்.

ஆகஸ்ட் 11

ஊசி போட்டார்கள். கண்ணுக்குள் ஊசி என்றதும் வந்த பயத்தில் பத்தில் ஒரு பங்குகூட வலி இல்லை. ஆனால் அந்தப் பயம் ரொம்பப் பெரியது. வலது கை பிடிப்பதற்கு ஏதாவது தேடிக்கொண்டே இருந்தது. படுக்கை ஓரக் கம்பி சில்லென்று இருந்தது.

ஆகஸ்ட் 14

ஆறுச்சாமி மேஸ்திரி வீட்டுக்கு அவரோடு போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். கண் விஷயத்தைச் சொன்னதும் மேஸ்திரி பதறிவிட்டார்.

"அடக் கடவுளே, அத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா..."

"அன்னிக்கு எனக்கே தெரியாதுங்களே."

"நானும் வீட்டுல போயி, அந்தம்மா பெருசாக் கணக்கு டீச்சருங்கறாங்க, நேர்கோடு தெரியலன்னு ஏசிப்போட்டனுங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மூவரும் சிரித்தோம். ஒரு மாதத்தில் நான் சிரித்தது இப்போதுதான்.

நாளை வந்து மீதியை ஒட்டுகிறார். எப்படி ஒட்டினாலும் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 19

ரெஜினா வந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தாள். பிஸ்டல் பேச்சையே எடுக்கவில்லை. அனுமதி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, அவள் கேட்கமாட்டாள் என்பதும் தெரியும். நான்தான் ஆரம்பித்தேன்.

"போன மாசம் இளையத உனக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். மூத்தது கெட்டுப்போச்சு, கெட்டத உனக்குக் குடுக்கக் கூடாதுன்னு. இப்ப ரெண்டுமே நல்லதா ஆயிப்போச்சு."

"அவசரம் ஒண்ணுமில்லீங் டீச்சர். கண்ணு சரியாகட்டும். மறுக்காவும் அனுமதி வாங்கிக்கலாம்."

"நாலு வருசம் ஆச்சு உனக்கு இது வர்றதுக்கு."

அவள் ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் போன பிறகு இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூத்ததை வைத்துக்கொண்டால் அந்தப் பிடியோடுதான் வைத்துக்கொள்வேன், அது என் வலது கையின் அச்சு. வலது கைக்குப் பின்னால் வலது கண் வேண்டும். அதாவது, அந்தக் கண் பழையபடி ஆகிவிடும் என்று நான் எனக்கே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி அது. தலையைத் திருப்பிக்கொண்டு சுடலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும், "இன்னும் சரியாகவில்லையா?" என்று அது கேட்கும்.

இளையது எதையும் கேட்காது. பிடியைக் கழற்றி இடக்கைப் பிடியை மாட்டினால் ஆச்சு. இடது கை, இடது கண். ஒன்றாம் வகுப்பிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அறுபத்தைந்து வயதில் இடது கையால் 'அ' போட்டுப் பழகுகிற மாதிரி.

அவரிடம் கேட்டேன். "எது வேணுமோ வெச்சுக்க. எத வெச்சுக்கிட்டாலும் மாசாமாசம் ஊசிக்கு மட்டும் வந்துரு" என்றார்.

ஆகஸ்ட் 24

போட்டி. போகவில்லை. பூண்டு உரித்தேன். முழுக்க உரித்த பிறகுதான் இவ்வளவு பூண்டு எதற்கு என்று தோன்றியது.

ஆகஸ்ட் 27

கலெக்டர் அலுவலகத்தில் ரெஜினாவும் நானும் கையெழுத்துப் போட்டோம். மூத்தது அவள் பெயருக்குப் போகிறது.

எந்தப் பிஸ்டல் என்று எழுத வேண்டிய இடம் வந்ததும் ரெஜினா பேனாவை எடுக்காமல் நின்றாள். "டீச்சர், நெசமாத்தானுங்களா?"

"எழுது. எண்ணு தப்பா எழுதிப்போடாத."

ஆகஸ்ட் 30

ரேஞ்சில் ரெஜினா முதன்முதலாகத் தன் சொந்தப் பிஸ்டலில் சுட்டாள். நான் பின்னால் நாற்காலியில் இருந்தேன். மூத்ததில் புதுப் பிடி. அதே உக்கடத்துத் தச்சரின் மகன் அவள் கையை அச்செடுத்துச் செதுக்கியது, இன்னும் எண்ணெய் வாசனை போகவில்லை. ஐந்து குண்டு. டார்கெட் திரும்பி வந்ததும் அவள் என்னைத்தான் முதலில் பார்த்தாள்.

"முன்குறி எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"நேரா இருக்குதுங் டீச்சர்."

"நேராத்தான் இருந்துச்சு."

கிளம்பும்போது ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்தாள். உள்ளே பழைய மரப் பிடி. பெருவிரல் குழியோடு. "இது பிஸ்டல் இல்லீங் டீச்சர், உங்க கை. இத நான் வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

செப்டம்பர் 9

இரண்டாவது ஊசி. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது துணிப்பையையும் எடுத்துப் போனேன். படுக்கையில் படுத்து வலது கையில் மரப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். பெருவிரல் தானாகவே போய்க் குழியில் உட்கார்ந்தது.

"என்னங்கம்மா அது, கட்டையாட்டம்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"பயந்தா புடிச்சுக்கறதுக்குங்க."

"பயமா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன், விசையை அழுத்தும் முன் நிறுத்துவது போல. அதற்குள் முடிந்துவிட்டது.

படம் பார்த்தார்கள். எழும்பியிருந்த கோடு கொஞ்சம் படிந்திருக்கிறது. வலது கண்ணால் காலண்டர் இப்போதும் கசங்கித்தான் தெரிகிறது, ஆனால் எந்தக் கட்டம் எது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. பழையபடி ஆகுமா என்று கேட்டேன். "காப்பாத்திக்கிட்டு இருக்கோம்மா" என்றார் டாக்டரம்மா. அந்தப் பதிலோடு வீட்டுக்கு வந்தேன்.

இளையதுக்கு இடக்கைப் பிடி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். அது வரும்வரை ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை இடது கையில் நீட்டிப் பிடித்து நடையில் நிற்கிறேன். கை ஆடுகிறது. அவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு போகிறார்.

இந்த நோட்டை இனி யார் திறந்து படித்தாலும் அவர்களுக்கு ஒரு சின்ன வேலை வைத்திருக்கிறேன். எழுந்து போய்ச் சுவரில் இருக்கும் காலண்டருக்கு முன்னால் நில்லுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மற்ற கண்ணால் நடுக்கட்டத்தைப் பாருங்கள், சுற்றியிருக்கும் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பிறகு கையை மாற்றிப் பாருங்கள்.